பெருங்குடி வாயுவும் கொட்டாங்கச்சிக் கரியும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022 ஏப்ரலில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்தச் சதுப்பையே தின்று வளர்ந்த பெருங்குடிக் குப்பைமேடு அதே மாதக் கடைசியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. குப்பைமேட்டில் பற்றிய தீ எளிதில் அணையாது. உள்ளே காற்றில்லாமல் மக்கும் ஈரக்குப்பையிலிருந்து மீத்தேன் ஊறிக்கொண்டே இருப்பதும் அதற்கு ஒரு காரணம். சுமார் 225 ஏக்கருக்குப் பரந்த அந்த இடத்தை இப்போது பயோமைனிங் முறையில் அகழ்ந்து பிரித்து மீட்டுவருகிறார்கள். பழைய மேடு கரைந்தாலும் புதிய ஈரக்குப்பை நிற்கப்போவதில்லை. 2021 நவம்பரில் மாநகராட்சியான தாம்பரமும், அதனோடு சேர்ந்த பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பகுதிகளும் தினமும் ஈரக்குப்பையை உண்டாக்குகின்றன. அதை மூடிய கலனில் மக்க வைத்தால் மீத்தேன் பாதிக்குச் சற்று மேலும், மீதியில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடும், கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடும், நிறைய நீராவியும் கலந்த வாயு கிடைக்கும். அதை வண்டிக்கு எரிபொருளாக்க வேண்டுமானால், அழுத்தப்பட்ட உயிரிவாயுவுக்கான இந்தியத் தரப்படி, மீத்தேன் 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் வழிகளில் ஒன்று கரி. அதற்கான கொட்டாங்கச்சி பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் மலையாகக் குவிந்திருக்கிறது. எந்தக் கரி, எத்தனை டன், எவ்வளவு அழுத்தம் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. ஒவ்வொரு வாயுவும் தனியாக இருக்கும்போது கரியில் எவ்வளவு ஒட்டும் என்று சொல்லும் எண்களை அப்படியே கலவைக்கும் பொருத்திவிடுகிறோம். அது பொருந்தாது. ஆனால் அதே எண்களிலிருந்து கலவையின் நடத்தையைக் கணக்கிட ஒரு நேர்மையான வழி உண்டு. அந்த வழி நம் ஊரில் செல்லுபடியாவது ஈரத்தைப் பொறுத்தது என்பதே நான் சொல்ல வருவது.

கொட்டாங்கச்சியைக் காற்று குறைவாக விட்டுச் சுட்டால் கரி. அந்தக் கரியை 900 டிகிரி செல்சியஸ் அளவில் நீராவியில் பழுக்கவைத்தால், நீராவி கரியைத் துளைத்துத் துளைத்து ஆக்டிவேட்டட் கார்பனாக மாற்றுகிறது. ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் பரப்பு அடங்கிவிடும். பெரும்பாலான துளைகள் இரண்டு நானோமீட்டருக்கும் குறுகலானவை. அத்தனை நெருக்கமான சுவர்களுக்கிடையே நுழையும் வாயு மூலக்கூறை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. வேதிவினை எதுவும் நடப்பதில்லை, வெறும் ஈர்ப்புதான். அழுத்தத்தைக் கூட்டினால் மூலக்கூறுகள் ஒட்டும், குறைத்தால் விட்டுப் போய்விடும். பள்ளிப் பாடநூல்கள் பரப்புக் கவர்தல் என்று சொல்வது இதைத்தான். அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் கலவையைப் பிரிக்கும் ஆலைகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. கொட்டாங்கச்சிக் கரிக்கு இந்த வேலை புதிதல்ல. லண்டனில் ஜேம்ஸ் டூவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரவக் காற்றால் குளிரூட்டிய தேங்காய்க் கரியைக் கொண்டுதான் மிகச் சிறந்த வெற்றிடங்களை உண்டாக்கினார். மற்ற வாயுக்களைக் கரி விழுங்க, ஒட்ட மறுக்கும் ஹீலியம் மிஞ்சும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

தமிழ்நாட்டுக் கரி வணிகத்தில் விலை பேசும் எண் ஐயோடின் வேல்யூ. நீரில் கரைந்த ஐயோடினை ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்பது அது. குடிநீர் வடிகட்டிக்கு நல்ல அளவுகோல். வாயுவுக்கு அதிலிருந்து கிடைப்பது, துளை நிறைய இருக்கிறது என்ற பொதுவான செய்தி மட்டுமே. அதைவிட மேலான விற்பனைத் தாளில் 25 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு, மீத்தேன் இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இந்த இரண்டு எண்ணையும் வைத்து ஒரு முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

இர்விங் லாங்மியூர் 1918இல் தந்த எளிய சமன்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். கரியில் ஒட்டுவதற்கு வரையறுத்த எண்ணிக்கையில் இடங்கள் இருக்கின்றன, ஒரு இடத்துக்கு ஒரு மூலக்கூறு என்பது அதன் அடிப்படை. கணக்குக்காக ஒரு கற்பனைக் கரியைக் கொள்வோம். ஒரு கிராமில் அதிகபட்சம் 5 மில்லிமோல் வாயு ஒட்டலாம். கார்பன் டை ஆக்சைடின் ஒட்டுதிறன் மீத்தேனைப் போல மூன்று மடங்கு: ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.6, மீத்தேனுக்கு 0.2. கலவை சரிபாதி, மொத்த அழுத்தம் 10 வளிமண்டலம். ஆக ஒவ்வொன்றின் பங்கு 5 வளிமண்டலம். தனியாக அந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 3.75 மில்லிமோலும் மீத்தேன் 2.5 மில்லிமோலும் ஒட்டும். இரண்டையும் கூட்டினால் 6.25 வருகிறது. கரியில் இருப்பதோ 5 இடம். இல்லாத இடத்தில் வாயுவை உட்காரவைக்கும் கணக்கு இது. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதைச் சமன்பாட்டில் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு 3 மில்லிமோல், மீத்தேன் 1 மில்லிமோல் என்று இறங்குகிறது. கவனிக்க வேண்டியது, இழப்பு சமமாக இல்லை. வலுவாக ஒட்டும் வாயு ஐந்தில் ஒரு பங்கை இழக்க, மெலிதாக ஒட்டும் மீத்தேன் ஐந்தில் மூன்று பங்கை இழந்துவிட்டது.

இந்த வேறுபாடு காகிதத்தோடு நிற்பதில்லை. தனி எண்களை நம்பி ஆலை கட்டியவர் ஒரு கிராம் கரி 3.75 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் என்று நினைத்திருப்பார். அது 3 மட்டுமே பிடிப்பதால் அவருடைய கலன் தேவையைவிடச் சிறிதாக இருக்கும், வெளிவரும் வாயு தரத்தை எட்டாது. இன்னொருவர் தனி எண்களை ஒப்பிட்டு, 3.75க்கு 2.5 என்றால் ஒன்றரை மடங்குதானே, இந்தக் கரியால் பிரிக்கவே முடியாது என்று நல்ல கரியை ஒதுக்கியிருப்பார். கலவையில் அதே கரி மூன்றுக்கு ஒன்று என்று பிரிக்கிறது. பிடித்த வாயுவை வெளியேற்றும்போது அதனோடு வீணாய்ப் போகும் மீத்தேனையும் அவர் நாற்பது விழுக்காடு என்று மதிப்பிட்டிருப்பார், உண்மையில் ஒட்டியதில் மீத்தேன் இருபத்தைந்து விழுக்காடுதான். நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது என்பதால், எவ்வளவு நழுவுகிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது பணத்தைவிடப் பெரிய விஷயம்.

மேலே செய்த கணக்கு இரண்டு வாயுவுக்கும் இடங்கள் சமம் என்று வைத்துக்கொண்டதால் சுலபமாக முடிந்தது. உண்மையில் மூலக்கூறுகளின் பருமன் வேறு, அவை நிரப்பும் அளவும் வேறு. அப்போது லாங்மியூரின் நீட்டிப்பு வெப்ப இயக்கவியலின் விதிகளோடு முரண்படத் தொடங்குகிறது. இதற்கு வழி சொன்னவர்கள் ஆலன் மையர்ஸும் ஜான் பிராஸ்னிட்ஸும். 1965இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் சிந்தனை, மேல்நிலைப் பள்ளியில் ரௌல்ட் விதி படித்தவருக்கு உடனே பழகிவிடும். ஒட்டியிருக்கும் வாயுப் படலத்தை ஒரு கரைசலாகப் பாருங்கள் என்றார்கள். கரைசலில் ஒவ்வொரு பொருளின் ஆவியழுத்தமும் கரைசலில் அதன் பங்கையும் அது தனியாக இருந்தால் காட்டும் அழுத்தத்தையும் பெருக்கி வருவதுபோல, இங்கும் வாயுவில் ஒன்றின் பகுதியழுத்தம் படலத்தில் அதன் பங்கையும் ஒரு தனி அழுத்தத்தையும் பெருக்கி வரும். அந்தத் தனி அழுத்தம் எது? அந்த வாயு மட்டும் கரியில் இருந்தபோது, கலவைப் படலத்தின் பரவழுத்தத்துக்குச் சமமான பரவழுத்தத்தைத் தரும் அழுத்தம். பரவழுத்தம் என்பது பரப்பின் மேல் ஒட்டிய மூலக்கூறுகள் பக்கவாட்டில் விரியத் தள்ளும் விசை. அதை நேரடியாக அளக்க வேண்டியதில்லை, தனி வாயுவின் சமவெப்பநிலைக் கோட்டிலிருந்து, அதாவது ஒரே வெப்பநிலையில் அழுத்தம் ஏற ஏற எவ்வளவு ஒட்டுகிறது என்று காட்டும் கோட்டிலிருந்து, தொகையிட்டுப் பெறலாம். ஆகக் கலவையைத் தொடாமலே கலவையை முன்னுரைக்கலாம். இந்தக் கோட்பாட்டின் அழகு எனக்கு இதில்தான் தெரிகிறது: துளை எப்படி இருக்கிறது, சுவர் எதனால் ஆனது என்று எதையும் கேட்பதில்லை.

நம் கற்பனைக் கரியில் இதைப் போட்டுப் பார்த்தால் ஒரு பயனுள்ள செய்தி வருகிறது. 10 வளிமண்டலத்தில் இருக்கும் அந்தக் கலவைக்குச் சமமான பரவழுத்தத்தைக் கார்பன் டை ஆக்சைடு 6.67 வளிமண்டலத்திலேயே தந்துவிடுகிறது, மீத்தேனுக்கோ 20 வளிமண்டலம் தேவை. அதாவது கலவை 10இல் ஓடினாலும் மீத்தேனின் தனி அளவீடு 20 வரை வேண்டும். பத்தோடு நிறுத்திய தரவை வைத்துக்கொண்டு கோட்டைக் கைபோன போக்கில் நீட்டினால் விடை பிசகும். மறுமுனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொகையீடு சுழி அழுத்தத்திலிருந்து தொடங்குவதால், மிகக் குறைந்த அழுத்தத்தில் எடுக்கும் அளவீடுகளின் பிழை, வலுவாக ஒட்டும் வாயுவில், மொத்த விடையையும் அசைக்கும். தனி வாயுக் கோடு என்பது சுலபமான அளவீடு என்று எண்ணி ஆறேழு புள்ளியோடு முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. இந்தக் கோட்பாட்டுக்கு அது போதாது.

கணக்கு எதற்கு, கலவையையே நேரில் அளந்தால் என்ன என்று ஆய்வகத்தில் வேலை செய்பவர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு, அளவீட்டுக்கு மேலான சாட்சி அறிவியலில் கிடையாது. ஆனால் தனி வாயுவுக்கு ஒரு அழுத்தமானி போதும், கலவைக்குப் போதாது. கரி ஒன்றை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் எடுத்துக்கொள்வதால் வெளியே மிஞ்சும் வாயுவின் கலப்பு விகிதமே மாறிவிடும், ஒவ்வொரு புள்ளியிலும் அதை வேறு கருவியால் பகுத்தாக வேண்டும். புள்ளிகளோ பெருகிக்கொண்டே போகின்றன: நான்கு வாயு, ஐந்தாறு விகிதம், ஐந்தாறு அழுத்தம், மூன்று வெப்பநிலை. அதையும்விட முக்கியம், குப்பை வாயுவுக்கு நிலையான விகிதம் என்று ஒன்று இல்லை. குப்பையின் வயது, மழை, சந்தைக் கழிவு அதிகம் வந்த வாரம், உறிஞ்சும் குழாயில் காற்று கசிந்த நாள் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். அளந்த விகிதம் நாளைக்கு இருக்காது, கோட்பாடு எந்த விகிதத்துக்கும் விடை சொல்லும். சில புள்ளிகளில் கலவையை அளந்து கோட்பாட்டைச் சோதித்துவிட்டு, மீதிக்குக் கோட்பாட்டை நம்புவதுதான் முறை. மீத்தேன், ஈத்தேன், எத்திலீன் போன்ற ஒத்த இயல்புடைய வாயுக்கள் கரியில் ஒட்டுவதை அது நன்றாகவே முன்னுரைக்கிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுகள் தந்த நம்பிக்கை.

கணினியில் மூலக்கூறு மூலக்கூறாகப் பாவித்து ஓட்டிவிட்டால் இந்தப் பழைய கோட்பாடு தேவையா என்பது இன்னொரு கேள்வி. ஜியோலைட் போன்ற படிகங்களில் அந்த வழி மிகவும் வலிமையானது, ஏனென்றால் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரியும். கொட்டாங்கச்சிக் கரியில் அந்த ஒழுங்கு இல்லை. முறுக்கிக் கசங்கிய கரித்தாள்கள், ஓரங்களில் ஆக்சிஜன் தொற்றிய இடங்கள், சூளைக்குச் சூளை மாறும் துளை அகலம். பாவிப்புக்கு முன் இந்தக் கரியின் அமைப்பை நாம் ஊகித்தாக வேண்டும், ஊகம் தவறினால் விடையும் தவறும். வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து அளந்த கோட்டைக் கேட்கும் கோட்பாடு, நம் சிறு ஆலைக்காரருக்கு இன்றும் பொருத்தமானது.

ஆனால் அது பேசுவது சமநிலையைப் பற்றி மட்டும். எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது என்று அதைக் கேட்டால் பதில் இல்லை. கார்பன் மாலிக்யூலர் சீவ் எனப்படும் சிறப்புக் கரியில் துளைவாய் மூலக்கூறின் அகலத்துக்கே குறுக்கப்பட்டிருக்கிறது. ஆக்சிஜனின் அகலம் 0.346 நானோமீட்டர், நைட்ரஜனுடையது 0.364. சமநிலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஒட்டும் என்பதால் கோட்பாடு அங்கே பிரிவினையே இல்லை என்று சொல்லும். ஆலையிலோ ஆக்சிஜன் விரைந்து நுழைய, நைட்ரஜன் தூயதாக வெளிவருகிறது. 2021 கொரோனா இரண்டாம் அலையில், மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, ஐ.ஐ.டி. பம்பாய் இப்படிப்பட்ட ஒரு நைட்ரஜன் ஆலையின் கரியை எடுத்துவிட்டு ஜியோலைட்டைப் போட்டு ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. ஜியோலைட் நைட்ரஜனைச் சமநிலையிலேயே வலுவாகப் பிடிப்பதால் விடை தலைகீழானது. மீத்தேனுக்கும் இது பொருந்தும்: அதன் அகலம் 0.38, கார்பன் டை ஆக்சைடுடையது 0.33. வேகத்தால் பிரிக்கும் கரியைத் தேர்ந்தெடுத்தவர் கோட்பாட்டோடு பரவல் வேகத்தையும் அளக்க வேண்டும்.

இனி ஈரம். விற்பனைத் தாளின் எண்கள் உலர்ந்த வாயுவில், பெரும்பாலும் 25 டிகிரியில் எடுத்தவை. தாம்பரத்தில் பகல் வெப்பம் 35ஐத் தொடுவது வெகு இயல்பு. கார்பன் டை ஆக்சைடு கரியில் ஒட்டும்போது மோலுக்கு 25 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது என்று கொண்டால், அந்தப் பத்து டிகிரி ஏற்றமே ஒட்டுதிறனைக் கால்பங்குக்கு மேல் குறைத்துவிடும். இதையாவது வெவ்வேறு வெப்பநிலையில் கோடு எடுத்துச் சரிக்கட்டலாம். நீரின் சங்கதி வேறு. மக்கும் கலனிலிருந்து வரும் வாயு நீராவியால் நிறைந்திருக்கும், 35 டிகிரியில் அது ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு. கரியின் சுவர் நீரை விரும்புவதில்லை, ஆகவே ஈரப்பதம் குறைவாக இருக்கும்வரை நீர் தலைகாட்டாது. ஆனால் ஓரங்களில் தொற்றிய ஆக்சிஜன் இடங்களில் ஒன்றிரண்டு நீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன, அவற்றைப் பிடித்து இன்னும் சில, அவை திரள்களாகி, ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில் துளைகள் மளமளவென்று நிரம்பிவிடுகின்றன. சென்னையின் சராசரி ஈரப்பதமே அந்த வரம்பின் மேல்முனையில் இருக்கிறது, வடகிழக்குப் பருவமழையில் அதையும் தாண்டும். பிறகு மீத்தேனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் மிச்சம் எங்கே?

இந்த இடத்தில் மையர்ஸ்–பிராஸ்னிட்ஸ் வழி தடுமாறுகிறது. ஒட்டிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று பேதமின்றி ஏற்கும், எல்லாருக்கும் ஒரே பரப்பு திறந்திருக்கும் என்பவை அதன் அனுமானங்கள். நீர் நீரோடு மட்டும் சேருகிறது, குறிப்பிட்ட மூலைகளில் மட்டும் தொடங்குகிறது. சுவரெங்கும் பரவும் மீத்தேனோடு அது நல்லியல்புக் கரைசல் ஆவதில்லை. விலக்கத்தைச் சரிசெய்யும் திருத்தக் காரணிகளைச் சேர்க்கலாம், ஆனால் அந்தக் காரணிகளைப் பெறக் கலவையை அளக்க வேண்டும், அப்போது கலவையைத் தொடாமலே முன்னுரைக்கும் வசதி போய்விடும். ஆகவே நம் ஊரில் செய்ய வேண்டியது, கரியின் நீர்க்கோடு எந்த ஈரப்பதத்தில் மேலே எகிறுகிறது என்று முதலில் அளப்பது. வாயுவை அதற்குக் கீழே உலர்த்தினால் கோட்பாடு மீண்டும் நம்பத்தக்கதாகிறது. கரிக்குச் சாதகமான செய்தி ஒன்று: ஜியோலைட் சிறு ஈரத்தையும் விழுங்கி முடங்கிவிடும், கரிக்கு வாயுவை முற்றாக உலர்த்த வேண்டியதில்லை, அந்த எகிறும் புள்ளிக்குக் கீழே வைத்தால் போதும். உலர்த்தும் செலவு எவ்வளவு என்பதை ஆலைக்காரர் அந்த ஒரு அளவீட்டிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உலர்த்தும் பாட்டுக்கு, நீரிலேயே கழுவி கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துவிடலாமே என்பாருக்கும் பதில் சொல்ல வேண்டும். அது எளிய, நன்கு தேறிய முறை, நீரைத் திரும்பத் திரும்ப ஓடவிடவும் முடியும். ஆனாலும் ஆவியாகியும் அழுக்கேறியும் போகும் நீருக்கு ஈடு வேண்டும், கழுவிய மீத்தேனைப் பிறகு உலர்த்தவும் வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருப்புகளே டேங்கர் லாரியை எதிர்பார்த்திருக்கும் பகுதி இது, 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே நீரைக் கேட்காத முறைக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் தரலாம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு இந்த வாதம் முழுவதும் திரும்பிக்கொள்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் கம்பெனியின் காலத்திலிருந்து பல்லாவரம், பம்மல் வட்டாரம் தோல் பதனிடும் தொழிலோடு வாழ்கிறது. முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு சேர்க்கும் அந்தத் தொழிலின் கழிவுநீரில் அமிலம் சேர்ந்தால் எழுவது இதே நச்சு வாயுதான். காரம் ஊட்டிய கரி அதைப் பிடிப்பது பெரும்பாலும் ஈர்ப்பால் அல்ல, வேதிவினையால்: துளைச் சுவரில் படிந்த நீர்ப்படலத்தில் சல்ஃபைடு கரைந்து, கொஞ்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தகமாகப் படிகிறது. இது போட்டியிட்டு ஒட்டி, அழுத்தம் குறைந்ததும் விடுகிற விவகாரம் இல்லை என்பதால் சமநிலைக் கோட்பாட்டுக்கு இங்கே வேலை கிடையாது. ஈரமில்லாவிட்டால் கரி சரியாக வேலை செய்யாது. எனவே குப்பை வாயு ஆலையில் சல்ஃபைடுக்கான கரிக்கலன் உலர்த்திக்கு முன்னாலும், கார்பன் டை ஆக்சைடுக்கான கரிக்கலன் உலர்த்திக்குப் பின்னாலும் வர வேண்டும். முதல் கலனின் கரி கந்தகம் நிரம்பியதும் தீர்ந்துபோகும், அழுத்தத்தைக் குறைத்து அதை மீட்க முடியாது, எடுத்து மாற்றத்தான் வேண்டும். அதற்கான செலவு ஆலையின் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.